வெறும் வயித்தோட மேல ஏறினவன்

என் தம்பி டவர் கிரேன் ஓட்டினவன். கட்டடத்துக்கும் மேல, ஆகாசத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு. அதுல ஒத்த ஆளா உக்காந்து, இரும்புக் கம்பிக் கட்டைப் பூ மாதிரி இறக்கி வைப்பான். கீழே நின்னவங்க தலையில ஒரு துரும்பு விழுந்ததில்லை. வீட்டுல மட்டும் தண்ணி டம்ளரைத் தட்டி விடாம ஒரு வேளை சாப்பிட மாட்டான், அது வேற கதை.

அந்தப் பாழாப்போன வியாதி வந்தது அவன் நல்லா வேலை பாத்துக்கிட்டிருந்த வயசுல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவான், போனா ரத்தம். அடக்கவும் முடியாது. கூண்டுலேர்ந்து ஏணி ஏணியா இறங்கி வரதுக்குள்ள என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒரு நாள் அப்படியே ஆயிடுச்சு. யாருக்கும் தெரியாம துணியை மாத்திக்கிட்டான். மறுநாள்லேர்ந்து வேலை முடியற வரைக்கும் பச்சைத் தண்ணி கூட பல்லுல படாது. வெறும் வயித்தோட ஏறுவான், இறங்கினப்புறம்தான் சாப்பாடு. சட்டைக்குள்ள ஆளையே காணோம். டயட்டான்னு கூட இருந்தவங்க கேலி பண்ணினாங்களாம். இவனும் ஆமான்னு சிரிச்சு வச்சானாம்.

நான்தான் சண்டை போட்டு டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். குடலோட உள்சுவர்ல நோய் எதிர்ப்புச் செல்கள் காவலுக்கு இருக்கும்னு அந்தம்மா பொறுமையா விளக்கினாங்க. கெட்ட கிருமி வந்தா அடிச்சு விரட்டறது, சாப்பாட்டையும் கூடவே குடியிருக்கிற நல்ல கிருமிகளையும் ஒண்ணும் பண்ணாம விடறது, புண்ணானா ஆத்தறது, எல்லாம் அதுங்க வேலையாம். சண்டை முடிஞ்சா அடங்கிடணும். இவனுக்கு அடங்கல. சொந்தக் குடலையே எதிரின்னு நினைச்சுப் புண்ணாக்குதாம். வேலியே பயிரை மேய்ஞ்ச கதையால்ல இருக்குன்னேன். அதேதான்னாங்க.

அந்தச் செல்களை அடக்கி வைக்க மாத்திரை கொடுத்தாங்க. கொஞ்ச காலம் நல்லா இருந்தான், கன்னத்துல சதை கூட வச்சுது. அப்புறம் மாத்திரை கேக்கல. ஊசி போட்டாங்க, அதுவும் கேக்கல. பெருங்குடலை எடுத்துட்டு, சிறுகுடல் முனையை வயித்துக்கு வெளியே கொண்டு வந்து, மலம் சேர ஒரு பை ஒட்டிடலாம், தள்ளிப்போட்டா ஆபத்துன்னாங்க. வேலைக்குப் போலாமான்னு ஒண்ணுதான் கேட்டான். தேறினதும் தாராளமாப் போலாம்னாங்க.

வெளியே வந்ததும் என் மேல எரிஞ்சு விழுந்தான்.

"அந்தம்மா கிரேன் ஏறியிருக்காங்களாக்கா? பையைக் கட்டிக்கிட்டு எவன் ஏறுறான்? ஒருத்தனைக் காட்டு, நாளைக்கே ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

யாரைக் காட்டுவேன்? எனக்குத் தெரிஞ்ச ஒரே கிரேன்காரன் அவன்தான். திட்டினேன், அழுதேன். அவன் பொண்டாட்டி கால்ல கூட விழுந்து பாத்தா. இந்தக் கட்டடம் முடியட்டும்னுட்டான். மேல ஏற விடலைன்னா, அப்புறம் இருந்து என்னன்னு ஒரு பிடிவாதம்.

கட்டடம் முடியல. அதுக்குள்ள குடல் ஓட்டையாயிடுச்சு. வயிறு கல்லாட்டம் வீங்கி, உடம்பு நெருப்பாக் கொதிச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போறதுக்குள்ள விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. கண்ணே திறக்கல. பாவி, நான் இருக்கறப்ப எனக்கு முன்னாடி போயிட்டான்.

துக்கம் விசாரிக்க அவன்கூட வேலை செஞ்சவங்க வந்தாங்க. அதுல வயசான ஒருத்தர், அதே இடத்துல எதிர்க் கிரேன் ஓட்டறவராம். ரெண்டு பேரும் தினமும் கண்ணாடி வழியா கையாட்டிக்குவாங்களாம். என்ன வியாதிம்மான்னு கேட்டார். இனிமே மறைச்சு யாருக்கு என்ன? பை வேண்டாம்னு அவன் அடம்பிடிச்சது, ஒருத்தனைக் காட்டுன்னு என்கிட்ட கத்தினது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். மனுஷன் தலையே நிமிரல. மத்தவங்க கிளம்பினப்புறமும் உக்காந்திருந்தார். அப்புறம் எழுந்து சட்டையைத் தூக்கினார். வயித்துல, பெல்ட்டுக்குப் பக்கத்துல, ஒரு பை.

"பல வருஷமா இதோடதாம்மா ஏறுறேன். கேலி பண்ணுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

சட்டையை இறக்கணும்னு கூடத் தோணாம அப்படியே நின்னு அழுதார். எனக்கு அவரை ஓங்கி அறையணும் போல வந்துச்சு. ஆனா என் தம்பியும்தான் அவர்கிட்ட வாயைத் திறக்கலையே, நான் யாரைத் திட்டறது?