ஒரு டம்ளர் மணல்

நல்லம்பள்ளியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்பன் கடலைப் பார்த்ததில்லை. அவன் மனைவி சுசித்ரா ஒரே ஒரு முறை பார்த்திருந்தாள், விலங்கியல் படித்தபோது கல்லூரிச் சுற்றுலாவில். அது அவளுக்குப் போதவில்லை. டீச்சர் வேலை கிடைத்ததும் முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, இரண்டு கோமாளி மீன்களை விட்டாள். கட்டில் போடவேண்டிய இடம் போச்சே என்று முணுமுணுத்தவனும் கிருஷ்ணப்பன்தான். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடுமே என்று பேட்டரி மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள். சுசித்ரா மணலைப் பார்ப்பாள். தொட்டியின் அடியில் அவள் விரலுக்கு ஆறு விரல் உயரம், ரவை போன்ற வெள்ளை மணல். அதற்குள் கண்ணுக்குச் சிக்காத பூச்சிகளும் நூல் மாதிரிப் புழுக்களும் குடியிருந்தன. மீன் கழிவை அவை தின்னும். மிச்சத்தைக் காற்றுப் புகாத அடிமணலில் இருக்கும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். மணலில் உயிர் இருக்கும்வரை தண்ணீர் கெடாது. ஆனால் கிளறவே கூடாது. கிருஷ்ணப்பன் தொட்டிக்குள் கையை விட்டால் புறங்கையில் ஒரு தட்டு விழும்.

"உங்க மோட்டாரைப் பிரிக்கிறாப்ல இதையும் பிரிச்சுப் பாக்கலாம்னு இருக்கறீங்களா?"

போன சித்திரையில், காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று தீட்டுப் போக வீட்டைக் கழுவிவிடுவது வழக்கம். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்திருந்த அவன் அக்கா காசியம்மாள் பாயையும் போர்வையையும் அலசியதோடு நிற்கவில்லை. தொட்டி மணலை அள்ளிக் குண்டானில் போட்டு, அரிசி களைவதுபோல், தண்ணீர் தெளியும்வரை போர்த் தண்ணீரில் களைந்தாள். மீன்களையும் பத்திரமாகப் போர்த் தண்ணீர் பக்கெட்டில்தான் விட்டிருந்தாள். கிருஷ்ணப்பன் ஒகேனக்கலில் சாம்பலைக் கரைத்துவிட்டுத் திரும்பியபோது மீன்கள் பக்கெட்டில் மிதந்தன. மணல் வாசலில் சர்க்கரையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"மீனு ரெண்டும் போயிருச்சு சாமி, என்னாச்சுன்னே தெரீல. மணலப் பாரு, எப்பிடி வெளுத்துப் போச்சு! அந்தப் புள்ள இருந்தா சந்தோசப்பட்டிருக்கும்."

நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த அவள் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

"ஆமாங்க்கா," என்றான் அவன். அதற்குமேல் இன்றுவரை சொல்லவில்லை.

மாதக்கணக்கில் தொட்டி காலியாகக் கிடந்தது. கடையை மூடிவிட்டு வந்தால் பம்ப் சத்தம் இல்லாத வீடு. ஐப்பசி மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா காயவைத்துக் கட்டிவைத்த மணல் மூட்டையை அவிழ்த்தான். அவள் விரலுக்கு ஆறு என்றால் தன் தடித்த விரலுக்கு ஐந்து போதும் என்று கணக்குப் போட்டுப் பரப்பினான். மணலின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, மீன்தொட்டி உப்பைக் கரைத்த ஃபில்டர் தண்ணீரைப் பள்ளம் விழாமல் தட்டின்மேல் மெல்ல ஊற்றினான். இரண்டு மூன்று நாள் மோர் மாதிரி கலங்கிக் கிடந்து, பிறகு தெளிந்தது. பம்ப்பையும் ஓடவிட்டான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மணலில் மட்டும் எதுவும் அசையவில்லை. உறை ஊற்றாத பால் எத்தனை நாள் ஆனாலும் தயிராகுமா?

அப்போதுதான் கடத்தூர் நிர்மலாதேவி ஞாபகத்துக்கு வந்தாள். சுசித்ராவிடம் படித்தவள், கல்யாணமானபின் தானும் தொட்டி வைக்க ஆசைப்பட்டு, டீச்சரிடம் ஒரு டம்ளர் உயிர்மணல் வாங்கிப் போயிருந்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குமேல் ஒரு மூடி போட்ட டிபன் பாக்ஸோடு கிளம்பினான். பஸ் கிடைத்து அவன் போய்ச் சேர்ந்தபோது அங்கே அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் நிர்மலாதேவி கரண்டியை எடுக்க உள்ளே ஓடினாள். அவள் மாமியார் சின்னம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"வெளக்கு வெச்சப்பறம் வூட்ட வுட்டு உப்பு குடுக்கறதில்லீங்க."

"அத்தே, அது உப்பு இல்லீங்க, மணலுங்க."

"நக்கிப் பாரு. கரிக்கலீன்னா குடு."

நிர்மலாதேவி அவனைப் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்திரைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

"ராத்திரி இருந்து சாப்ட்டுட்டு, காலைல கொண்டுபோகட்டும். உப்பு எங்கயும் ஓடிப்போயிராது," என்று களி கிண்டப் போனாள் சின்னம்மாள்.

அவன் தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கண்ணாடியை ஒட்டிய மணலில் நரம்பு போல் வளைகள் ஓடின. ஒன்றுக்குள் சிவந்த நூலாக ஒரு புழு நெளிந்து போயிற்று. அடியிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது.

"நான் புதுசா எதுவும் உள்ள வுடலீங்கண்ணா," என்றாள் நிர்மலாதேவி. "எல்லாம் டீச்சர் குடுத்த டம்ளர்ல இருந்து பெருகுனதுதான்."

அவன் தலையாட்டினான். கை தானாகத் தொட்டியின் விளிம்புவரை போனது. புறங்கையில் விழவேண்டிய அந்தத் தட்டுக்காக ஒரு கணம் காத்திருந்தது. பிறகு மடிக்குத் திரும்பியது.

காலையில் நிர்மலாதேவி மேல்மணலை மட்டும் நோகாமல் வழித்து, தண்ணீரோடு டிபன் பாக்ஸில் நிரப்பிக் கொடுத்தாள். வெயில் ஏறுமுன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டியின் ஒரு மூலையில் இறக்கினான். கொஞ்சம் மீன் தீனியை நுணுக்கித் தூவினான். வேறு வேலை அவனுக்கு அங்கே இல்லை. தினமும் கடைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை, கண்ணாடியோரம் டார்ச் அடித்துப் பார்ப்பான். மணல் வெள்ளையாகவே இருந்தது. கார்த்திகை தீபம் போயிற்று. வரும் வழியிலேயே எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்து, டார்ச்சை எடுப்பதையும் விட்டான்.

பொங்கலுக்கு வீடு கூட்டிக் கொடுக்க வந்த காசியம்மாள் முன்னறையிலிருந்து கத்தினாள்.

"டேய் கிருஷ்ணா! இங்க வா! தண்ணியில புழு வெச்சிருச்சுடா! அன்னைக்கு அத்தன களஞ்சும் போகல பாரு. அந்தக் குண்டான எடு, மறுக்காப் போட்டு அலசிரலாம்."

வாசலில் ஒட்டடைக் கம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டான்.

"அலசவே கூடாதுங்க்கா. எங்க பாத்தீங்க? காட்டுங்க."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியில் விரலை வைத்தாள். மணலுக்குள் ஒரு சிவந்த நூல் நெளிந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் குனிந்தான்.

"இன்னொண்ணு இருக்குதா பாருங்க்கா," என்றான்.