கீழே இருந்த டிவியில் வந்த குரல்

தென்காசியில் குற்றாலம் போகிற ரோட்டில் உள்ள ஒரு மண்டபம் அது. மேடை மாடியில், பந்தி கீழே. கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். அன்று ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். "சாப்பிடுதவங்களும் பாக்கணும் தம்பி, கீழ ஒரு டிவி வச்சிரு" என்று முன்பே சொல்லியிருந்தார்.

மாடியில் கேமரா இருக்கும் இடத்துக்கும் கீழே டிவிக்கும் நடுவே நூற்றைம்பது அடி தூரம். அவ்வளவு தூரத்துக்கு சாதாரண எச்.டி.எம்.ஐ. வயர் தாங்காது. அதனால் எக்ஸ்டெண்டர் வைத்தேன். கேமரா பக்கம் ஒரு சின்ன டப்பா, டிவி பக்கம் ஒன்று, நடுவில் இன்டர்நெட்டுக்கு இழுக்கிற நெட்வொர்க் கேபிள். படம், சத்தம் இரண்டும் அதிலேயே வரும். சத்தமும் வரும் என்பது எனக்குத் தெரியாததில்லை. அன்று காலை அது நினைவுக்கு வரவில்லை.

குற்றால சீசன் கூட்டத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தது. வந்தவர்களை முதலில் டிபனுக்கு உட்கார வைத்தார்கள். பெண்ணை மேடை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் பக்கத்தில் ஐயருக்காக நான் வைத்த மைக் இருந்தது. அது நேராகக் கேமராவுக்குப் போகும்; மாடி ஸ்பீக்கரில் கேட்காது.

கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கீழே வந்தேன்; டிவி மட்டும் இருட்டாகவே இருந்தது. "என்னடே, படம் வரலியே" என்று பெண்ணின் அப்பா என் பின்னால் வந்து நின்றார். கேபிள் முனையில் கோளாறு. வெட்டிவிட்டு வேறு முனை போட்டுச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. டிவியில் பெண்ணின் முகம் வந்தது. பக்கத்தில் அவள் சித்தி.

"ரெண்டு மட்டம் அப்பாட்டச் சொல்லிட்டேன் சித்தி, எனக்கு இது வேண்டாம்னு. மண்டபம் பிடிச்சாச்சுங்காவ. வேலைய விட்டுட்டு நான் எதுக்குப் போவணும்?"

"மெதுவாப் பேசுட்டி. யாராவது கேட்டுறப் போறாவ."

கூடம் முழுக்க அது கேட்டது. சாம்பார் வாளியோடு நடந்தவர் அப்படியே நின்றார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த வடையை இலையில் வைத்தார். ரிமோட் எங்கே என்று தெரியவில்லை. கேபிளைப் பிடுங்கக் குனிந்தேன். பெண்ணின் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருடே. அவ பேசட்டும்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். அடி வாங்கியவர் முகம்போல் இருந்தது. டிவியில் அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பட்டாளத்தில் இருப்பவர். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. "அவங்ககிட்ட கேக்காமலா மாமா எங்கள வரச் சொன்னிய?" என்றார். பெண்ணின் அப்பா தலைக்கு மேலே இரண்டு கைகளையும் குவித்தார். பிறகு மாடிப்படி ஏறினார். கொஞ்ச நேரத்தில் அவரையும் அந்த டிவியிலேயே பார்த்தோம். மகள் முன்னால் போய் நின்றார். அப்போதுதான் நான் கேபிளைப் பிடுங்கினேன்.

அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் ஊருக்குத் திரும்பிவிட்டது.

சாமான்களை எடுக்க மாடிக்குப் போனேன். அந்தப் பெண் அதே நாற்காலியில் இருந்தாள். "தப்பு என்னுதுதாம்மா. டிவில சத்தத்தக் குறைக்காம விட்டுட்டேன்" என்றேன்.

"கீழ எத்தன பேரு கேட்டாவ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "எல்லாரும்" என்றேன்.

அவள் மைக்கைப் பார்த்தாள். "அப்பா?"

"அவரும் அங்கனதான் நின்னாவ. நிறுத்தப் போனேன். அவுகதான் விடல."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள், அதைக் கேட்டதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டே நின்றேன். அவள் அப்பா ஒரு டம்ளரில் தண்ணீரோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.