மகள் சுற்றிக் காட்டிய ஊர்

ஹாலந்துக்குப் போய் வந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். சாக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள்கூட, "என்னென்ன பாத்தீக?" என்று கேட்கிறாள். பார்த்ததற்கா குறைச்சல்? காற்றாலை பார்த்தோம், படகில் போனோம், பறவை பார்த்தோம், பாலாடைக்கட்டி செய்வதைப் பார்த்தோம், அதற்குப் பால் கொடுத்த மாட்டையும் பார்த்தோம். போனில் படங்களைக் காட்டினால் வாயைப் பிளக்கிறார்கள். "குடுத்து வச்சவ" என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

நான் பார்க்கவா போனேன்? இருக்கப் போனேன். எங்களுக்கு ஒரே மகள். படித்தாள், வேலை கிடைத்துப் போனாள், நம் பக்கத்துப் பையனையே கட்டிக்கொண்டு அங்கே வீடும் வாங்கிவிட்டாள். இங்கே நானும் என் வீட்டுக்காரரும்தான். ஒருமுறை இவர் வயலிலேயே மயங்கி விழுந்தபோது, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் தேடித் தெருத்தெருவாக ஓடினேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி மகளோடுதான் என்று. அவள் டிக்கெட் போட்டு அனுப்பியதும், மூன்று மாதத்துக்குள் "இங்கேயே இருந்துருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன். மற்றதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. இவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனிதர் ஏர்போர்ட் வாசலோடு திரும்பியிருப்பார்.

அவள் இருப்பது பட்டணத்தில் இல்லை, ஒரு கிராமத்தில். எங்கே திரும்பினாலும் தண்ணீர். வயலுக்கு வரப்பு கிடையாது, வரப்பு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வாய்க்கால். நம் ஊரில் வீட்டு வாசலில் பைக் நிற்கிற மாதிரி அங்கே வீட்டுக்குப் பின்னால் படகு நிற்கிறது. தரையே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். சுற்றிலும் கரை போட்டு, தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தால்தான் ஊர் நிற்குமாம். மருமகன் இதைச் சொன்னபோது இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கண்மாய் கடைசியாக நிரம்பியது எப்போது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு வருஷம் சொல்வார்கள். "எறைச்சு வெளியவா ஊத்துறாக?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

போன மறுநாளே சுற்றுலா ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் சத்தமே வராத மோட்டார் படகு. நாணலுக்குள் புகுந்து புகுந்து போனால், எங்கள் கண்மாயில் கிடக்கிற அதே நாமக்கோழி, நெற்றியில் அதே வெள்ளைப் பட்டையோடு நீந்துகிறது. "இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றார் இவர். இன்னொரு நாள் சைக்கிள். வேட்டி சக்கரத்தில் மாட்டும் என்று மகள் பேண்ட் போடச் சொன்னதில் மனிதருக்கு அன்று முழுக்கக் கோபம். பிறகு ஒரு தெப்பம். அதற்கு ஆள் கிடையாது, நாமேதான் சங்கிலியைப் பிடித்து இழுத்து அக்கரைக்குப் போக வேண்டும். அங்கே பார்த்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான், கைக்கு ஒரு வேலை கிடைத்ததே. நாலு இழுப்பு இழுத்திருப்பேன். "விடும்மா, கை வலிக்கும்" என்று மகள் சங்கிலியை வாங்கிக்கொண்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆயுசைக் கழித்தவள் நான். எத்தனை பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்ட கை. அந்த வீட்டில் ஒரு தம்ளர் கழுவ விடவில்லை. அடுப்படிப் பக்கம் போனாலே, "நீ உக்காரும்மா. ரெஸ்ட் எடுக்கத்தானே வந்திருக்கே" என்பாள். முதல் பத்து நாள் அதை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பறவை பார்ப்பதற்கென்று தண்ணீர் ஓரத்தில் ஒரு மரக்குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே பைனாகுலரைக் கண்ணில் வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முகப்பு, உள்முற்றத்து வளவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். இலை போட்டுப் பரிமாறுவார்கள். சிரித்துக் கும்பிட்டு வேனில் ஏற்றி அனுப்புவார்கள். வந்தவர்களில் யாரையாவது பாத்திரம் விளக்கச் சொன்னது உண்டா? ஊர் சுற்றிக் காட்டுவதெல்லாம் விருந்தாளிக்கு. வீட்டு ஆளென்றால் கையில் விளக்குமாற்றைக் கொடுத்திருப்பாள். என் மகள் என்னைத் தாங்கவில்லை, உபசரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிறைந்து எதிரே எல்லாம் மங்கிவிட்டது. "ஒண்ணும் தெரியலடி" என்றேன். அவள் பைனாகுலரை வாங்கித் திருகிச் சரிபண்ணிக் கொடுத்தாள்.

பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. எங்கும் போக முடியவில்லை. மழை சற்று விட்ட நேரமாக இவர் மெல்ல வெளியே போனார். வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டு மேய்ச்சல் நிலம். வாய்க்கால் ஒரு குழாய் வழியாகப் பாதையைத் தாண்டி, இறைக்கிற இடத்துக்கு ஓடுகிறது. அத்தனை தண்ணீரும் குபுகுபுவென்று வெளியே ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? ஒவ்வொரு மழைக்கும் மண்வெட்டியோடு ஓடி, போகிற தண்ணீரை மறித்தே பழகிய மனிதர். மண்கட்டியும் கல்லும் ஒடிந்த கிளையுமாகப் போட்டுக் குழாயின் வாயை அடைத்துவிட்டார். முழங்கால் வரை சேற்றோடு உள்ளே வந்தார். அந்த ஊருக்குப் போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்க்கவில்லை. "அடச்சிட்டேன்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் மேய்ச்சல் நிலம் பாதி தண்ணீருக்குள். ஆடுகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ரப்பர் பூட்ஸோடு வந்து கதவைத் தட்டினார். இவர் வயதுதான் இருக்கும். என் மகள் வாசலில் நின்று அந்தப் பாஷையில் மன்னிப்புக் கேட்டாள். பாஷை தெரியாவிட்டாலும் அது தெரிகிறதே. பிறகு உள்ளே திரும்பி, "ஏம்ப்பா இப்படிப் பண்றீக? நாங்க இங்க மரியாதையா பொழைக்கிறோம்ப்பா" என்றாள். "தண்ணி வீணாப் போச்சேத்தா" என்றார் இவர். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது, மகள் மேல் கொஞ்சம் கூடுதலாக.

அந்தப் பெரியவர் சத்தம் போடவில்லை. ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் தண்ணீருக்குள் இறங்கி, அடைத்ததை எல்லாம் வாரிப் போட்டார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனால் மத்தியானம் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். மறுநாள் வேலி கட்டப் பெரியவர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்கப்புறம் இவர் தினமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்குட்டுப் போய்விடுவார். எனக்கு வயிறெரிந்தது. தப்புப் பண்ணின மனிதருக்கு வேலை கிடைத்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு மறுபடியும் படகுச் சவாரி.

கிளம்புகிற வாரம் வந்தது. மகள் எங்கள் பெட்டியைத் தரையில் விரித்து வைத்து, ஊருக்குக் கொடுத்துவிடும் சாக்லேட்டுகளைத் துணிகளுக்கு நடுவே அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர் வேலி கட்டப் போயிருந்தார், மருமகன் ஆபீஸில். இதற்கு மேல் காத்திருந்து பிரயோஜனம் இல்லை என்று நானே வாயைத் திறந்தேன்.

"ஊர்ல எங்களுக்குன்னு யாருத்தா இருக்கா? நாங்க இங்குட்டே இருந்துரட்டுமா?"

அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சேலையை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். பிறகு, நான் இன்னொரு படகுச் சவாரி கேட்டுவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பாக்காத எடம் இன்னும் எம்புட்டோ இருக்கும்மா. அடுத்த வருஷம் பூப் பூக்குற சமயமா வாங்க. ரெண்டு பேரையும் கூட்டிப்போய் எல்லாத்தையும் காட்டுறேன்."

அங்கேயே தங்க விசா கிடைக்காது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட, மருமகன் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதுதான். நானும் அந்த ஊர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.