சபுரா அக்கா விற்காத நாசில்

வியாழக்கிழமை காலை மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. வில்லியனூர் உதிரிபாகக் கடை சபுரா அக்கா மாரடைப்பில் காலமானார், மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று இரண்டே வரி. அதற்கு அடுத்த பதிவில் சேதராப்பட்டு நண்பர் ஒருவர் பழைய ரேடியேட்டர் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அக்கா பார்த்திருந்தால் அதற்குப் பதில் போட்டிருப்பார். நான் கையிலிருந்த வேலையை முடித்து, குளித்துவிட்டுக் கிளம்பினேன்.

என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் பாகூரில் பட்டறை வைத்திருக்கும் நானும் மற்றவர்களைப் போல அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஸ்பானரைத் தொட்டதில்லை. இருபது வருடம் கடையில் உட்கார்ந்து, மெக்கானிக்குகள் நாம் கோட்டைவிட்ட கதைகளைக் கேட்டுக் கேட்டே என்ஜினைக் கற்றுக்கொண்டார். கேட்ட பொருளை உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். எதற்கு என்று கேட்பார். "வித்துட்டா என் வேல தீந்துடும். வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா நாளைக்கி நீதான இங்க வந்து நிப்ப" என்பார். அவர் கடையிலிருந்து ஒரு தடவையாவது கோபித்துக்கொண்டு வெளியேறாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் வெளியேறிய கதை இது.

கரியமாணிக்கத்தில் கரும்பு பயிரிடும் ராமலிங்கம் தன் பழைய டீசல் காரை என்னிடம் விட்டிருந்தார். அவர் மனைவிக்கு வாரம் இரண்டு முறை பிள்ளையார்குப்பத்தில் டயாலிசிஸ். அந்த அம்மாவால் உட்கார்ந்து போக முடியாது என்பதால் முன் இருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டு, கால் நீட்டிப் படுக்கப் பலகை போட்டிருந்தார். டீசல் பம்பில் கசிவு. இறக்கிச் சரிசெய்து, மறுபடி மாட்டி, டீசல் சரியான நேரத்தில் பாய என்ஜினிலுள்ள மார்க்கைச் சேர்த்து டைமிங் வைத்தேன். சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் லைனில் அடைத்திருந்த காற்றை எடுத்தேன். பேட்டரி மாற்றினேன். ஹீட்டர் பிளக்கைப் பார்த்தேன். சைலன்சரில் வெள்ளைப் புகைதான் வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். டீசலைத் தூவும் நாசில்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி வில்லியனூருக்கு ஓடினேன்.

"நாலு நாசில் குடுக்கா."

"பட்டறைக்கி வண்டி எப்டி வந்துச்சி?"

"ஓட்டிக்கினுதான் வந்தாரு."

"அப்பறம் நீ எதுல கை வச்ச?"

"பம்ப எறக்கி டைமிங் வச்சேன்."

"அப்ப நாசில் இன்னாபா பாவம் பண்ணிச்சி? மார்க்கு எத்தினி வாட்டி சேரும்னு பாத்தியா?"

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு கடையில் நாசில் வாங்கிக்கொண்டு போய் மாட்டினேன். அப்போதும் ஸ்டார்ட் ஆகவில்லை.

அதன் பிறகுதான் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றி வால்வுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை டீசல் எரிவதற்கும் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். ஒருமுறை காற்றை அழுத்த, மறுமுறை புகையைத் தள்ள. மார்க் இரண்டு தடவையும் சேரும். காற்றை அழுத்தும்போது டீசல் போக வேண்டும். நான் புகை போகும்போது வைத்திருந்தேன். முப்பது வருடம் தொழிலில் இருப்பவன் செய்கிற தப்பில்லை. பம்பைக் கழற்றி, என்ஜினை ஒரு முழுச் சுற்று திருப்பி, மறுபடி மாட்டினேன். பொழுது சாய்வதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. எடுக்க வந்த ராமலிங்கத்திடம், "நாசில் போயிடுச்சிங்க, மாத்திட்டேன்" என்று சொல்லிப் பழையவற்றைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா போன் செய்தார்.

"ஏழுமல, கரியமாணிக்கத்துக்காரரு வந்துருந்தாரு. வழியில நின்னுடப் போவுதுன்னு, வண்டியிலயே வச்சிக்க நாலு நாசில் கேட்டாரு. நான் குடுக்கல."

"இன்னா சொன்ன?"

"ஏன் வேணாம்னு ஏழுமல வந்து சொல்லுவாருன்னேன். ஒவ்வொரு வாட்டியும் வூட்டுக்காரம்மாவ ஏத்திக்கினு பயந்துக்கினேதான் போறாராம். நல்ல வண்டிபா அது."

இரண்டு நாள் நான் போகவில்லை. மூன்றாம் நாள் ராமலிங்கம் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, தப்பு என் டைமிங்தான், நாசில் நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். "அப்ப வண்டியில ஒண்ணுமில்லியா?" என்றார். உடனே உள்ளே திரும்பி, "வண்டியில ஒண்ணுமில்லியாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

போய்ச் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. வீம்புதான், வேறென்ன. பிறகு எத்தனையோ முறை அவர் கடைக்குப் போனேன். அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

அடக்கத்துக்கு ராமலிங்கமும் வந்திருந்தார். பள்ளிவாசலுக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நீங்க வந்து சொல்ற வரைக்கும் கடக்காரம்மா தெனம் போன் பண்ணாங்க, ஏழுமல வந்தாரான்னு. வந்துட்டாருன்னு சொன்னப்ப, 'அவரு வருவாருன்னு எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."

இப்போதெல்லாம் வேலையில் என் தப்பு இருந்தால், அதைச் சொன்ன பிறகுதான் வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்கிறேன். சபுரா அக்காவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான். அந்த டைமிங் தப்பை நான் வாய்விட்டு ஒப்புக்கொள்ளாமல் விட்டது அவர் ஒருவரிடம் மட்டுமே.