வில்பத்துக்காரி

வாசற்படியிலேயே கணவரின் சப்பாத்தைக் கழற்ற வைத்துவிட்டு, காலுறை இரண்டையும் பழைய பேப்பரில் விரித்து, அதில் ஒட்டியிருக்கும் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார் கனகேஸ்வரி அக்கா. பிடுங்கியதை வீசுவதில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னிடம் நீட்டுவார்.

"பாத்தீரே தம்பி? விட மனமில்லாமல் காலைப் பிடிச்சிருக்கிறாள்."

'அவள்' என்பது வில்பத்துக் காடு. கொழும்புக்கு வடக்கே, புத்தளம் தாண்டி இருக்கிறது. அடர்ந்த மரங்களுக்கு நடுவே வில்லு என்று சொல்லப்படும் இயற்கைக் குளங்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன் அரசாங்கம் அதைத் தேசிய வனமாக்கி, துவக்கோடு வரும் வேட்டைக்காரர்களை வெளியே போகச் சொல்லிவிட்டது. வெறுங்கையோடு பார்த்துவிட்டு வரலாம். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருக்கும் அக்காவின் கணவர் வரதராசா, லீவு கிடைத்தால் போவது அங்கேதான். அவருடைய சிநேகிதன் கொட்டாஞ்சேனை பேர்னாட்டிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருக்கிறது. அதன் ஹோர்ன் சத்தம் கேட்டால் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் அக்காவின் முகம் மட்டும் கறுக்கும்.

வரதராசா குடிக்கிறவர் அல்ல, சீட்டு விளையாடுகிறவர் அல்ல. சம்பளத்தைப் பிரிக்காமல் அப்படியே மனைவி கையில் கொடுக்கிறவர். வீட்டில் பேச்சுத்தான் இல்லை. பிட்டு எப்படி என்றால் "ஓம்". தலையிடியா என்றால் "ம்". கோயிலுக்குப் போவோமா என்றால் "பாப்பம்". ஆனால் பேர்னாட் வந்து உட்கார்ந்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். ஒருநாள் அவர் சொன்னதைத் தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா கேட்டுவிட்டார்.

"பின்னேரம் அந்த வில்லுத் தண்ணி பச்சையா மாறேக்கை, பேர்னாட், எனக்கு நெஞ்சுக்குள்ளை ஒருமாதிரி ஆகிடும்."

அடுத்த கிழமையே அக்கா புறக்கோட்டைக்குப் போய்ப் பச்சைச் சேலை ஒன்று வாங்கினார். உடுத்திக்கொண்டு கணவருக்கு முன்னால் இரண்டு தரம் நடந்தார். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன விலை?" என்றாராம்.

"மனிசியெண்டால் போய்த் தலைமயிரைப் பிடிக்கலாம்," என்று என் மனைவியிடம் சொல்லி அழுதார். "குளத்தோடை எப்பிடிப் பிள்ளை சண்டை பிடிக்கிறது?"

போன ஓகஸ்டில், கார் வந்து நின்றபோது, அக்காவும் பெட்டியோடு வாசலுக்கு வந்தார்.

"நானும் வாறன்."

"அங்கை உமக்கு வசதிப்படாது. நுளம்பு. உண்ணி வேறை கடிக்கும்."

"உங்களைக் கடிக்காத உண்ணியோ?"

பேர்னாட் சிரித்துவிட்டார். பின்கதவு திறந்தது.

அந்தப் பயணத்தைப் பற்றி அக்கா எனக்குச் சொன்னதெல்லாம் மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னதுதான். புத்தளம் வரை வாந்தி. போய்ச் சேர்ந்த பின்னேரம் வரதராசா குளக்கரைக்குக் கூட்டிப்போய், "கதையாதையும்" என்று வாயில் விரலை வைத்திருக்கிறார். மான்கள் தண்ணீருக்கு இறங்கின. எருமை ஒன்று சேற்றில் கிடந்தது. அக்கா மானையும் எருமையையும் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

"கலியாணத்தண்டு கூட அந்த முகத்தை நான் காணேல்லைத் தம்பி. சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு..." மதிலின் பாசியை நகத்தால் சுரண்டிவிட்டுச் சொன்னார்: "அவள் வடிவில்லாட்டி மனதை ஆத்தியிருப்பன். வடிவாத்தான் இருக்கிறாள்."

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் இருவரும் சிறுத்தை தேடிக் கிளம்பினார்கள். வரதராசா அந்தக் காட்டில் யானை கண்டிருக்கிறார், கரடி கண்டிருக்கிறார். சிறுத்தை மட்டும் ஒருமுறையும் அவருக்குத் தென்பட்டதில்லை. அக்கா அவர்கள் தங்கியிருந்த குளக்கரைப் பங்களாவின் படியில் உட்கார்ந்து, சுளகு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பங்களாக் காவல்காரன் விறகுக்குப் போயிருந்தான்.

புதர் விலகியது. சிறுத்தை ஒன்று தன் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல வந்து, முன்னங்காலை மடித்துத் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தது. அக்காவும் பார்த்தார். ஓட வேண்டும் என்று தோன்றவேயில்லையாம். பிறகு அது வந்த வழியே போய்விட்டது.

தூசியும் வியர்வையுமாக ஆண்கள் வெறுங்கையோடு திரும்பியபோது அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"வந்தது. தண்ணி குடிச்சது. போயிட்டுது."

"என்ன வந்தது?"

"உங்கடை சிறுத்தை."

பேர்னாட் நம்பவில்லை. வரதராசா தண்ணீரோரம் போனார். ஈரச் சேற்றில் தடம் பூப்போலப் பதிந்திருந்தது. குந்தியிருந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் எழும்பவில்லை.

ஊருக்கு வந்த அக்கா கதையை ஒழுங்கை முழுவதும் கொண்டுபோனார். மீன்காரனிடம் பாதிச் சிங்களத்தில், கையை நகம்போல் மடக்கிக் காட்டிச் சொன்னார். தெஹிவளையிலிருந்துகூடக் கேட்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வந்தால் வரதராசா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"பொறாமை!" என்று அக்கா கண்ணைச் சிமிட்டுவார். "படட்டும். நான் பட்டது கொஞ்சமோ?"

அடுத்த லீவுக்குப் பேர்னாட் வந்து ஹோர்ன் அடித்தபோது வரதராசா படலையடியில் நின்று, "இந்த முறை நீ போ" என்று சொல்லிவிட்டார். காட்டின்மேல் கோபமா, மனைவிமேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரம் அவர் தன் கதிரையைத் தூக்கிவந்து அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார்.

"கனகம், அது உம்மைப் பாத்ததெண்டு சொன்னீரே. கண் என்ன நிறம்?"

அன்றிலிருந்து பின்னேரந்தோறும் இது நடக்கிறது. வால் எப்படி இருந்தது? குடிக்கும்போது சத்தம் கேட்டதா? காது அசைந்ததா? அக்கா எல்லாவற்றையும் ஒரேநாளில் சொல்லிவிடுவதில்லை. இப்போதெல்லாம் அவர் பவுடர் பூசிக்கொண்டுதான் வெளியே வந்து உட்காருகிறார்.

"இப்ப உங்கடை முகத்தைப் பாத்துத்தானே கதைக்கிறார் அக்கா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"என்னையோ பாக்கிறார்?" அவர் சிரிக்கவில்லை. "என்ரை கண்ணுக்குள்ளை அதைத் தேடுறார்."

நேற்றுப் பின்னேரம் கடற்கரை ரயில் போன பிறகு மறுபடியும் வரதராசாவின் குரல் கேட்டது. "தலையைத் தூக்கினது. பிறகு?"

"இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்," என்று அக்கா உள்ளே போனார்.

எங்கள் குசினி யன்னலும் அவர்களுடையதும் நேரெதிர். தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டு, கலக்கியாகிவிட்டது. முன்பக்கத்தில் கதிரை கிரீச்சிட, "கனகம்... கனகம்..." என்று கூப்பிட்டார் வரதராசா. அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டபடி, ஆவி அடங்கும்வரை கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.