திரைக்கு முதுகு காட்டி நிற்கும் பிளெஸ்ஸி

விளக்குகள் அணைந்து படம் தொடங்கியதும், பிளெஸ்ஸி திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். அறந்தாங்கியில் இருக்கும் அந்தப் பழைய தியேட்டரில், திரையை ஒட்டிய வெளிவாசல் கதவுதான் அவருடைய இடம். கையில் டார்ச் லைட், தோளில் டிபன் பை, காலில் சத்தம் போடாத ரப்பர் செருப்பு. பதினாறு வருடமாக அந்தப் பெண் அங்கேயே நிற்கிறார்; கதவு திறப்பதும், காட்சி முடிந்ததும் பெருக்குவதும் அவர் வேலை. அவர் முதுகுக்குப் பின்னால் உலகம் எத்தனையோ முறை அழிந்து பிழைத்திருக்கிறது. அவர் பார்த்ததெல்லாம் எதிரே வரிசை வரிசையாக ஒளிர்ந்து மங்கும் முகங்களை மட்டும்தான்.

பறக்கிறவர்களும் முகமூடி போட்டவர்களும் பாகம் பாகமாக வருகிற படங்கள் என்றால் பிளெஸ்ஸிக்குத் தனிப் பிரியம். வீரர்களின் பெயர் ஒன்றுகூட வாயில் நுழையாது. போஸ்டரில் பார்த்ததை வைத்து “தோள்ல துண்டு கட்டுனவரு”, “நீலப் பல்லு வில்லன்” என்றுதான் சொல்வார். ஆனால் எந்தப் பாகத்தில் யார் அழுதார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “மூணாவது பாகத்துல துண்டுக்காரரு செத்தாருல்ல, அன்னைக்கு மீன்கடை சவரியப்பண்ணே முகத்தப் பொத்திக்கிட்டு அழுதாருங்க. கூடப்பொறந்த தம்பி செத்தப்பகூட அந்த மனுசன் கண்ணுல தண்ணி வரல.”

மேலே ஆபரேட்டர் அறையில் இருக்கும் அழகுமலை, படமே பார்க்காத பிள்ளை படத்தைப் பற்றிப் பேசுகிறது என்று சிரிப்பார். அவருக்கும் பிளெஸ்ஸிக்கும் நடுவே ஒரு ஏற்பாடு உண்டு. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், பிளெஸ்ஸி கதவைத் திறந்துவிட்டு, அந்த அறையின் சின்னக் கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்து டார்ச்சை இரண்டு தடவை அடிக்க வேண்டும். உடனே அழகுமலை படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார். முதலில் எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் இருந்தது. பெயர்களை யார் பார்க்கிறார்கள்? அதற்குள் பாதிச் சனம் பைக் ஸ்டாண்டில் இருக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மதியக் காட்சியில், பிளெஸ்ஸி வழக்கம்போல் டார்ச் அடித்தார். விளக்கு எரிந்தது. மூன்றாவது வரிசையில் அப்துல் நாசர் என்பவர் பதறி எழுந்தார். ஷார்ஜாவில் வேலை, லீவில் வந்தவருக்கு மறுநாள் விமானம். பக்கத்தில் எட்டு வயது மகள் ஹுமா. பெயர்களுக்குப் பிறகு இன்னும் ஒரு சின்னக் காட்சி உண்டு என்பது இந்தத் தியேட்டரில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஷார்ஜாவிலேயே ஒரு தடவை படத்தைப் பார்த்திருந்தார்.

அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பிளெஸ்ஸி மறந்திருப்பார். “ஒரு மாசமா போன்ல சொல்லிச் சொல்லி வச்சிருந்தேங்க்கா. கடைசில ஒண்ணு வரும், எந்திரிக்காம அத்தா பக்கத்துலயே இருன்னு” என்றார், அவ்வளவுதான். படத்தைத் திரும்ப ஓட்ட முடியாது என்று அழகுமலை கையை விரித்துவிட்டார். அந்தப் பிள்ளைதான் தகப்பனின் சட்டையை இழுத்தது. “பரவால்லத்தா. நீங்க நடிச்சுக் காட்டுங்க.”

பைக் ஸ்டாண்டில், கொளுத்துகிற வெயிலில், கைக்குட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து அந்த மனிதர் நடித்துக் காட்டினார். பிள்ளை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கதவோரத்தில் நின்று பிளெஸ்ஸி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இந்தப் படங்களுக்கு மட்டும் கடைசி எழுத்து மேலே ஏறி மறைந்து, அந்தச் சின்னக் காட்சியும் முடியும்வரை அவர் கதவைத் திறப்பதும் இல்லை, டார்ச் அடிப்பதும் இல்லை. எழுந்தவர்களையும் உட்காரவைப்பார். “அங்கிட்டு எங்க போறீங்க? இன்னும் ஒண்ணு இருக்கு, உக்காருங்க.” ஒன்றிரண்டு வருடத்தில் ஊரே உட்காரப் பழகிக்கொண்டது.

போன மாதம் இலக்கியா என்ற கல்லூரி மாணவி தன் கட்டுரைக்காக ஒரு கேள்வியோடு வந்தாள். இன்னும் ஐம்பது வருடம் கழித்துப் பிறக்கப்போகிறவர்கள் இந்தப் படங்களை என்னவென்று நினைப்பார்கள்? கிராபிக்ஸ் எல்லாம் களிமண் பொம்மை மாதிரி தெரியும், சிரிப்பார்கள் என்றார் அழகுமலை. இத்தனை பாகத்தையும் உட்கார்ந்து பார்க்க எவனுக்கு நேரம் இருக்கும் என்றார், புதிதாக வந்திருக்கும் மேனேஜர் அன்வர் பாட்சா. பிளெஸ்ஸி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“சண்டைய யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்கம்மா. இன்னும் ஒண்ணு வரும்னு நம்பி, ஒரு ஊரே இருட்டுல எந்திரிக்காம உக்காந்திருந்துச்சு பாரு, அதத்தான் சொல்லுவாங்க. படம் எங்கயாச்சும் பத்திரமா இருக்கும். உக்காந்திருந்தத நாமதான் சொல்லிட்டுப் போகணும்.”

இலக்கியா எழுதிக்கொண்டாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் புதிய பாகம் வெளியான அன்று காலையில் அவரே பிளெஸ்ஸியைக் கூப்பிட்டார். இனி தினமும் ஐந்து காட்சி. பெயர் ஓடும் பத்து நிமிடத்தைச் சும்மா விட முடியாது. எழுத்து வந்ததும் கதவு திறக்க வேண்டும், டார்ச் அடிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை, தியேட்டரைப் பெருக்குகிற நேரத்தில் தானே மிச்சம் பிடித்துத் தருவதாகப் பிளெஸ்ஸி சொல்லிப் பார்த்தார். அன்வர் பாட்சா குரலை உயர்த்தவில்லை. “முடியாதுன்னா சொல்லிருங்கக்கா. நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

பிளெஸ்ஸி தன் வாசலுக்குப் போனார். தன் இரண்டு பிள்ளைகளின் படிப்பு இந்த வாசல் சம்பளத்தில்தான் நடக்கிறது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

மதியக் காட்சி முடிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் பெயர்கள் ஏறத் தொடங்கின. எதிரே நிறைந்த அரங்கு; ஒருவரும் எழவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை “முடிஞ்சிருச்சா?” என்று கேட்க, தாய் அதன் தோளைப் பிடித்து மடியில் அமர்த்தினாள். பக்கவாட்டு நடையில் வந்து நின்ற மேனேஜர், கடிகாரத்தைக் காட்டிக் கையை அசைத்தார். மேலே கண்ணாடிச் சதுரத்தில் அழகுமலையின் முகம் டார்ச் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது.

பிளெஸ்ஸி டார்ச்சின் அடிமூடியைத் திருகினார். இரண்டு பேட்டரிகளையும் உள்ளங்கையில் கொட்டி, டிபன் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.