அண்ணனிடம் சொல்லப்படாத முடிவு

என் தம்பியும் அண்ணனும் ஒரே சைக்கிளிலிருந்து ஒரே இடத்தில் விழுந்தார்கள். எப்போதும்வென்றானிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் வண்டிப்பாதை அது. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சைக்கிளை நகரவிடவில்லை. அண்ணன் எழுந்து நின்று மிதித்தான், வண்டி சாய்ந்துவிட்டது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, பின்னால் உட்கார்ந்திருந்த தம்பிக்கு ஒன்பது. இருவருக்கும் முழங்காலில்தான் அடி. மாலைக்குள் தம்பியின் முழங்கால் உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கி, கை வைத்தால் சுட்டது. உள்ளே ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் அவன் எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்குச் சிராய்ப்போடு சரி. கொஞ்சம் கூடுதலாகக் கசிந்து மறுநாள் பொருக்குத் தட்டிவிட்டது. அதற்கு அடுத்த நாள் அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அண்ணன் என்று நான் சொல்வது பெரியம்மா மகனை. என் அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ரத்தம் உறையாத நோய் அவர்கள் இருவர் வழியாகவும் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. பெண்கள் அதைச் சுமப்பார்கள், ஆண்பிள்ளைகளுக்கு வெளிப்படும். தம்பியையும் அண்ணனையும் மதுரைக்குக் கூட்டிப்போனபோது அங்கிருந்த டாக்டர் இதைத் தாளில் படம் போட்டு விளக்கினார். இருவரின் ரத்தத்தையும் சோதித்துவிட்டு, உறைவதற்கு வேண்டிய ஒரே புரதம் இருவருக்கும் இல்லை, குறைவிலும் வித்தியாசம் இல்லை என்றார். அப்புறம் ஏன் ஒருத்தன் படுத்துக் கிடக்கிறான், ஒருத்தன் ஆடு மேய்க்கிறான் என்று பதினான்கு வயதுப் பெண்ணாகிய நான் கேட்டேன். "அது அவன் அதிர்ஷ்டம்மா" என்றார் டாக்டர். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோவில்பட்டியில் பள்ளி முடித்து, வெளியூரில் உயிரியல் படித்து, கடைசியில் ஒரு பெருநகரத்து ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

பேராசிரியரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்லவைதான் முதலில் வந்து நிற்கின்றன. என் கோபத்துக்கு அது இன்றும் பெரிய இடைஞ்சல். மெதுவாகப் பேசுவார். யார் பேசினாலும் குறுக்கிட மாட்டார். சேர்ந்த முதல் வாரத்தில் நான் என் கேள்வியைச் சொன்னேன். பெரியப்பா கால் வீங்கி, மூச்சுத் திணறி, நாற்பது வயதில் திடீரென்று இறந்ததைச் சொன்னேன். பெரியப்பாவின் தங்கைக்குப் பிள்ளை பெற்ற பிறகு கால் வீங்கி வடியவே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் மேசையில் வைத்திருந்த கையை எடுத்து என்னைப் பார்த்தார். "உங்க அண்ணனுக்கு அம்மா வழியா ஆக்ஸிலேட்டர் பழுதாயிருக்கு. அப்பா வழியா பிரேக்கும் பழுதாயிருக்குன்னு நினைக்கிறியா?" என்றார். பத்து வருடமாக நான் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ரத்தத்தை உறையவைக்க ஒரு கூட்டம் புரதங்கள் இருப்பதுபோல, உறைதல் அளவு மீறிப் போகாமல் பிடித்து நிறுத்தவும் சில உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றைக் கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிறது. அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு வேண்டாத இடத்தில், பெரும்பாலும் காலின் உள்ளாழத்து ரத்தக் குழாயில், ரத்தம் கட்டிக்கொள்ளும். அண்ணனிடம் இரண்டு குறைகளும் சேர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டியிருந்தால்? தம்பிக்கும் அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட முடிந்தால்? அந்த வருடங்களில்தான் அதற்கு ஒரு கருவி எங்கள் கைக்கு வந்திருந்தது. செல்லுக்குள் மரபணு நேராகப் புரதத்தைச் செய்வதில்லை. ஆர்என்ஏ என்ற நகல் ஒன்றை அனுப்புகிறது, அந்த நகலைப் படித்துத்தான் புரதம் உருவாகிறது. நகலோடு பொருந்தும் குட்டி ஆர்என்ஏ துண்டு ஒன்றைச் செய்து உள்ளே விட்டால், செல்லே அந்த நகலைத் தேடி வெட்டிவிடும். மரபணு இருக்கும், ஆனால் அதன் பேச்சு எடுபடாது. முதலில் புழுக்களில் கண்டது, பிறகு மனிதச் செல்களிலும் நடக்கும் என்று தெரிந்திருந்தது. நான் தட்டுகளில் கல்லீரல் செல்களை வளர்த்து, பிரேக் புரதத்தின் நகலைக் குறிவைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை மதியம் நான்காவது துண்டை விட்ட தட்டில் புரதம் பெருமளவு குறைந்திருந்தது. பேராசிரியர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அன்று முழுக்க எனக்குத் தம்பியின் முழங்கால்தான் ஞாபகம்.

அண்ணனின் ரத்தம் அதற்கு முன்பே எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. கேட்டதும் சம்மதித்தான். "தம்பிக்கு ஆகும்னா எடுத்துக்கிட வேண்டியதுதான. ஆட்டுக்குப் பால் வத்தும், எனக்கு ரத்தம் வத்தவா போவுது?" என்று சிரித்தான். பேராசிரியரே எங்கள் ஊருக்கு வந்தார். பெரியம்மா கொடுத்த கம்மங்கூழை இரண்டு சொம்பு குடித்தார். கிடைக்குப் போய், எந்த ஆடு எந்த ஆட்டின் குட்டி என்று அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பெரிய படிப்புப் படித்த ஒருவர் தன்னிடம் கேட்டுக்கேட்டுக் குறிப்பெழுதியதில் அண்ணனுக்குக் கொள்ளைப் பெருமை. "அவிய நம்ம வீட்டு மனுசன் மாதிரில்லா இருக்காவ" என்று பெரியம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்.

சோதனை முடிவு வந்தது. மாதிரிக் குப்பிகளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணைப் போட்டவள் நான். அண்ணனுக்குப் பிரேக் புரதம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. என் ஊகம் சரியாகிவிட்டது என்ற சந்தோஷம் முதலில் வந்தது. பெரியப்பா செத்துப்போன விதம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த வரிசையை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லணுமே சார்" என்றேன்.

"ஒரு தடவை பாத்ததை வெச்சுச் சொல்லக் கூடாதும்மா. மூணு தடவை உறுதியாகட்டும். நானே நேர்ல போய்ச் சொல்றேன். நீ சொன்னா பயந்துடுவாங்க."

மூன்று முறையும் ஒரே முடிவு. அவர் சொன்னபடியே ஊருக்குப் போனார். திரும்பி வந்து, "உங்க பெரியம்மா கூழ் கொடுக்காம விடல" என்றார். சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் தொலைபேசியில் அதைப் பற்றி ஒன்றும் பேசாதது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. அவன் எதற்கும் அலட்டிக்கொள்கிறவன் இல்லை. நானாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கோடையில், வழிதவறிய குட்டியை விரட்டிக்கொண்டு ஓடிய அண்ணனின் கால் கரிசல் வெடிப்பில் மாட்டி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவனுக்கு ரத்தம் உறையாத நோய் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். அது தெரிந்த டாக்டர்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். உறையவைக்கும் மருந்தைத் தாராளமாக ஏற்றி, எலும்பைச் சேர்த்து, அசையாமல் படுக்கவைத்தார்கள். அவர்கள்மேல் ஒரு தவறும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது பாதி. மற்றப் பாதி எங்கள் ஆய்வுக்கூடத்தின் கோப்பில் இருந்தது. ஆறாம் நாள் கால் தொடை வரைக்கும் வீங்கியது. எட்டாம் நாள் நெஞ்சில் வலி, மூச்சு முட்டல்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தான். பேசுவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சேர்க்க வேண்டியிருந்தது. "சார் உன்கிட்ட சொன்னாரே, டாக்டர்கிட்ட நீ சொல்லலையா?" என்றேன்.

"என்ன சொன்னாவ?"

"உனக்கு ரத்தம் கட்டிக்கிடும்னு. பெரியப்பாவுக்கு வந்த மாதிரி."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேட்டி. வந்தாவ, கூழ் குடிச்சாவ, ரத்தம் எடுத்தாவ, போனாவ."

நான் வெளியே ஓடி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை நோயே ரத்தம் உறையாத நோயாக இருக்கும்போது கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பிறகு துணிந்து கொடுத்தார். அண்ணன் பிழைத்துக்கொண்டான். ஆனால் காலின் ரத்தக் குழாய் கெட்டுப்போனது. ஆட்டுக்குப் பின்னால் நாளெல்லாம் நடக்கும் பிழைப்பு அதோடு முடிந்தது. கிடையை விற்ற அன்று அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

பேராசிரியரின் அறையில் நான் உட்காரவில்லை. எப்போதும்போல நான் முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு வருத்தமான குரலில், "நீ அந்த வீட்டுப் பொண்ணும்மா. முடிவைப் பார்த்தவளும் நீ. எப்படியும் நீ சொல்லியிருப்பேன்னுதான் நினைச்சேன்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி என்னை வாரக்கணக்கில் தின்றது. அண்ணனைப் படுக்கவைத்தது நானேதான் என்று நம்பத் தொடங்கினேன். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அந்த நிலையில்தான் அவர் வெளியிடவிருந்த ஆய்வுக் கட்டுரையின் வரைவு என் மேசைக்கு வந்தது. அட்டவணைகளைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார். தலைப்புக்குக் கீழே அவர் பெயர், அடுத்து என் பெயர். மூன்றாம் பக்கத்தில் அண்ணன் இருந்தான், எண்ணாக. அவனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இது: உறைதலைத் தடுக்கும் மருந்து எதுவும் தொடங்கப்படாத இயல்பான நிலையில் இவரைத் தொடர்ந்து கவனிக்க முடிந்தது இந்த ஆய்வின் சிறப்பு. தேதியைப் பார்த்தேன். இந்த வடிவத்தை எழுதத் தொடங்கியது, அவர் 'நேர்ல போய்ச் சொல்றேன்' என்று ஊருக்குப் போய் வந்த அதே மாதம். அவர் மறக்கவில்லை, என்னை நம்பி விட்டுவிடவும் இல்லை. சொன்னால் அண்ணனுக்கு மருந்து தொடங்கிவிடுவார்கள். தொடங்கிவிட்டால், இரண்டு குறைகளும் தாமாகச் சமன்செய்துகொண்டு நடமாடும் ஒரே மனிதன் அவருக்குக் கிடைக்காமல் போவான். ஆடுகளின் வம்சத்தைக் கேட்டுக் குறிப்பெழுதிய அதே பொறுமையோடு அண்ணனையும் குறிப்பெழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

என் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்த வரியையும், அண்ணனுக்கு நேர்ந்ததையும் விளக்கி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். விசாரிப்பதாகச் சொன்னார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. கட்டுரை வந்தது, அந்த ஒரு வரி இல்லாமல். கடைசியில் 'ஒத்துழைத்த குடும்பத்துக்கு நன்றி' என்று இருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு கோவில்பட்டிக்கு வந்து ஒரு பள்ளியில் அறிவியல் நடத்தத் தொடங்கினேன்.

தம்பி என்னோடு பல நாள் பேசவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். விறைத்துப்போன முழங்காலோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், "எனக்காகத்தானக்கா அங்கன போன? அவரு ஏமாத்துனாருன்னு நீ எல்லாத்தயும் போட்டுட்டு வந்துட்ட. அந்தத் தட்டுல இருந்தது எனக்கான மருந்துல்லா?" என்றான். அது மருந்தாவதற்கு இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது, நான் இருந்திருந்தாலும் அந்த ஒரு கூடத்தில் அது முடிந்திருக்காது என்று விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டான். ஒத்துக்கொண்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணனிடம் கட்டுரையை வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "நீயும் அந்த முடிவைப் பாத்தியா?" பாத்தேன் என்றேன். "சரி" என்றான். அதற்குப் பிறகு அவன் என்னை எந்தக் குறையும் சொன்னதில்லை. ஆனால் நான் எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் கையில் வாங்கி, முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்.

இப்போது உலகத்தில் வேறு யாரோ, எங்களை அறியாதவர்கள், அதே வழியில் ஒரு ஊசியை உருவாக்கிவிட்டார்கள். தோலுக்கடியில் போடுவது. கல்லீரலுக்குப் போய் அந்தப் பிரேக் புரதத்தின் நகலை வெட்டுகிறது. ரத்தம் நிற்காதவர்களுக்கு நிற்கிறது. அதைப் படித்த சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உளுந்து புடைக்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மாதிரி ஆட்களுக்கு மருந்து வந்துவிட்டது என்றேன், எப்படி வேலை செய்கிறது என்றும் சொன்னேன்.

"அப்பம் அந்த ஊசி போட்டா, என்னைய மாதிரி ஆகிருவாவளோ?"

"ஆமா. அளவு தப்பினா ரத்தம் கட்டிக்கிடவும் செய்யும். சோதிச்சுச் சோதிச்சுத்தான் போடுதாங்க."

"அதைப் போட்டுக்கிடுதவங்ககிட்ட முன்னாடியே சொல்லுதாவளா?"

"சொல்லுதாங்க. எழுதியே கொடுக்காங்க."

"அது போதும்" என்றான் அண்ணன்.